கையெழுத்திட்டவரே வாளெடுத்தார்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றங்கரை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்தக் கிராமங்களில் 1956 நவம்பர் 1 வரை மாநில எல்லை என்று எதுவும் கிடையாது. அன்று போட்ட கோடு வேலுத்தம்பி தளவாயின் கதையையும் இரண்டாகப் பிரித்தது. அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழகத்தின் குமரி மாவட்டத்தில்; உயிர்விட்ட மண்ணடி கேரளத்தில்.

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த இந்த வீரர், ஒரு காலத்தில் அதன் நண்பர். 1799-ல் வரிக்கொடுமைக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றவர், பிறகு திருவிதாங்கூரின் தளவாய் ஆனார். நிர்வாகத்தில் கண்டிப்பு, தண்டனையில் கொடூரம். படிக்காசைக் குறைத்ததால் 1804-ல் நாயர் படை கலகம் செய்தபோது, கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலேயிடம்தான் உதவி கேட்டார். உதவிக்கு விலை இருந்தது. 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய் கப்பம் கட்ட வேண்டும்.

கஜானாவில் பணமில்லை. தவணை கேட்டார், மெக்காலே மசியவில்லை. கடனாளியாகிவிட்ட நாடு சுதந்திர நாடல்ல என்பது தளவாய்க்கு அப்போதுதான் உறைத்தது. 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் ரெசிடெண்ட் மாளிகை தாக்கப்பட்டது. கொச்சியின் பாலியத்து அச்சனும் கைகோத்திருந்தார். மெக்காலே தப்பினார். 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் வெளியிட்ட அறிக்கையில், கம்பெனி உப்பை ஏகபோகமாக்கும், வரிகளைச் சுமத்தும் என்று எச்சரித்தார் வேலுத்தம்பி. சாதி ஆசாரம் கெட்டுவிடும் என்ற மேல்சாதியினரின் அச்சத்தையும் அது தூண்டியது.

பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் கைவிட்டுப் போயின. கம்பெனிப் படை தலைநகரின் வாசலான பாப்பனங்கோட்டில் வந்து முகாமிட்டது. மன்னர் பணிந்தார். புதிய தளவாய் உம்மிணித்தம்பி, பழையவரைப் பிடிக்க ஆளனுப்பினார். மண்ணடி பகவதி கோயிலில் சுற்றி வளைக்கப்பட்ட வேலுத்தம்பி, பிடிபடாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். உடல் கண்ணம்மூலையில் தொங்கவிடப்பட்டது. கவர்னர் ஜெனரல் மிண்டோவே இதைக் கண்டித்தார்.

28 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் புளோரிடாவிலும் இதே பாணி. தாய்மண்ணை விட்டு வெளியேற மறுத்துப் போராடிய செமினோல் பழங்குடித் தலைவர் ஆசியோலாவை, 1837-ல் வெள்ளைக்கொடியின் கீழ் பேச்சு வார்த்தைக்கு வந்த இடத்தில் கைது செய்தது அமெரிக்க ராணுவம். 1838 ஜனவரியில் அவர் சிறையில் இறந்ததும், அங்கிருந்த டாக்டர் தலையை வெட்டி எடுத்துக்கொண்டார். செத்த எதிரியையும் விட்டுவைக்காத ஆத்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காலம் இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் சிலையாக நிற்பவர் வேலுத்தம்பி. அவரைத் துரத்திய உம்மிணித்தம்பியை நினைவூட்டுவது நெய்யாற்றங்கரை தாலுகாவிலுள்ள பாலராமபுரம். தமிழ்ப் பகுதியிலிருந்து சாலிய நெசவாளர்களைக் கொண்டுவந்து அவர் உருவாக்கிய ஊர் அது.