எர்த்தும் நியூட்ரலும் ஒன்றல்ல, சகோதரிகளே!

"அத்தே, வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருங்குது!" என்று மாடியிலிருந்து மருமகள் குரல் கொடுத்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஈரக் கையோட தொட்டிருப்பே. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொவை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மூன்று வயதுப் பேரன் குளித்த ஈரத்தோடு ஓடிப்போய் ஃப்ரிஜ் கதவைப் பிடித்தான். வீலென்று அலறிக் கையை உதறினான். நல்லவேளை, கை ஒட்டிக்கொள்ளவில்லை. பதறிப்போய் ஃப்ரிஜ் சுவிட்சை அணைத்தேன். என் கணவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சுவிட்சை அணைத்த பிறகும் ஃப்ரிஜ் உடம்பில் டெஸ்டர் எரிந்தது! கீழே ஓடி மெயினையே அணைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

எங்கள் வீடு தருமபுரியில், பென்னாகரம் சாலைப் பக்கம். மீட்டரும் மெயின் போர்டும் கீழே இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் மகனுக்காக மாடி கட்டியபோது அங்கே தனியாக ஒரு சின்ன போர்டு வைத்தோம். கோளாறு அந்தச் சின்ன போர்டில்தான் இருந்தது.

அனுபவமுள்ள ஓர் எலெக்ட்ரீஷியன் வந்து அதைத் திறந்தார். "பாருங்கம்மா, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒண்ணாக் கட்டி வெச்சிருக்காங்க. எர்த்தும் நியூட்ரலும் இங்கே சேரவே கூடாது" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

பேஸ் வழியாக வரும் மின்சாரம் வேலையை முடித்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. அது தினசரி நடமாடும் பாதை. எர்த் அப்படியல்ல, கசிவு ஏற்பட்டால் மட்டும் பயன்படும் ஆபத்து வழி. நியூட்ரலைத் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு இணைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் மறுபடி இணைக்கக் கூடாது. அமெரிக்காவில் வீட்டு மெயின் போர்டில் ஓரிடத்தில் இணைப்பார்கள். அங்கேயும் கிளை போர்டில் இணைப்பது தவறுதான்.

எங்கள் மாடி போர்டுக்கு வரும் நியூட்ரலின் திருகு தளர்ந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பச்சை ஒயரில் இறங்கிவிட்டது. அந்த ஒயர் ஃப்ரிஜ், மெஷின், கீசர் எல்லாவற்றின் உடம்போடும் சேர்ந்திருக்கிறதே! எர்த் பின்னை எந்தச் சுவிட்சும் துண்டிப்பதில்லை. அதனால்தான் அணைத்த ஃப்ரிஜ்ஜும் கையைச் சுட்டது. கீசர் ஓடும்போது 'சுர்' அதிகமானதும் இதனால்தான்.

முதலில் வந்தவர் ஏன் இப்படிச் செய்தார்? நம்முடையது பாறை மண். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால் மங்கலாக எரியும். நியூட்ரலோடு கட்டிவிட்டால் பளிச்சென்று எரியும். "எர்த் சூப்பரா இருக்கு" என்று அவர் காட்டிய வெளிச்சம் இப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தது. "இது சும்மா சும்மா விழும்" என்று அதையும் கழற்றிவிட்டார். காவல்காரன் குரைத்துச் சொன்னதை நாங்கள் புரிந்துகொள்ளவில்லை.

"எம்.சி.பி. இருக்கே, அது காப்பாத்தாதா?" என்றேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எர்த் குழியின் தடை 23 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோ அதில் மிகச் சிறு பங்கு கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும்.

எர்த்தையும் நியூட்ரலையும் பிரித்துத் தனித்தனிப் பட்டையில் பூட்டினார். நியூட்ரல் திருகை இறுக்கினார். எர்த் குழியைச் சீர்செய்து, ஆர்.சி.சி.பி.யையும் பொருத்தினார். இப்போது அது காரணமில்லாமல் விழுவதில்லை.

சகோதரிகளே, 'சுர்' என்றால் செருப்புப் போட்டுச் சமாளிக்காதீர்கள். உடனே மெயினை அணைத்து உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கிளை போர்டு இருந்தால், "எர்த்தும் நியூட்ரலும் தனித்தனியா இருக்கா?" என்று கேட்டு, திறந்து காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வீடு முழுக்க விளக்குகள் ஒரு சமயம் பிரகாசமாகவும் ஒரு சமயம் மங்கலாகவும் எரிந்தால், வெளியிலிருந்து வரும் நியூட்ரலிலேயே கோளாறு இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

பேரன் இன்றும் ஃப்ரிஜ்ஜைத் தொடுமுன் என் முகத்தைப் பார்க்கிறான். "தொடுடா கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.