பெர்லின் சந்தையில் பருப்புக்கீரை!

"டாக்டர், ஜெர்மனியில பையன் வீட்டுக்கு மூணு மாசம் போறோம். அங்கே கீரை கிடைக்குமா?" - வெளிநாடு கிளம்பும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது.

தாராளமாகக் கிடைக்கும்! பெர்லினில் மைபாஹ்ஊஃபர் என்ற கால்வாய்க்கரைத் தெருவில், செவ்வாயும் வெள்ளியும் திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. துருக்கிக்காரர்கள் நிறைய கடை போடுவதால், 'துருக்கிச் சந்தை' என்றே சொல்வார்கள். கொத்துமல்லி, புதினா, கத்தரிக்காய் என்று நம்ம சமையலுக்கு ஏற்றவை பல இருக்கும்.

கோடையில் போனால், சதைப்பற்றுள்ள சின்ன இலைகளோடு ஒரு கீரைக்கட்டு கண்ணில் படலாம். துருக்கி மொழியில் 'செமிஸோத்து', நமக்கோ பருப்புக்கீரை! உடல் சூட்டைத் தணிக்கும் என்பது சித்த மருத்துவம். ஒமேகா-3 வகைக் கொழுப்பும் இதில் உண்டு. பாசிப்பருப்பு சேர்த்துக் கடைந்தால் சாதத்துக்கு அருமை. ஆனால் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது.

நூல் நூலாக மெல்லிய தழை இருந்தால், மோந்து பாருங்கள். சோம்பு போல மணக்கிற 'டில்' அது. அதன் விதைதான் நம்ம சதகுப்பை.

முக்கியமான எச்சரிக்கை: வசந்த காலத்தில் சிவப்புத் தண்டோடு 'ருபார்ப்' வரும். சில சமயம் இலையும் ஒட்டியிருக்கும். தண்டுக்கீரை என்று நினைத்து இலையைச் சமைத்துவிடாதீர்கள். அது நஞ்சு! தண்டை மட்டும்தான் வேகவைத்துச் சாப்பிடுவார்கள்.

'நம்ம ஊர் கீரை மாதிரியே இருக்கே' என்று எதையும் வாங்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள், எந்தப் பாகத்தைச் சாப்பிடணும் என்றும் கேளுங்கள். பாஷை தெரியாவிட்டால் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள்!