உங்களுக்குத் தெரியுமா? கிளட்ச் இல்லாத லாரியும் 70 வளைவுகளும்

● நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில்தான் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது. இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மிளகும் வாழையும் பலாவும் ஏற்றி இறங்கும் வண்டிகளில் பெரும்பாலும் கைகியர்தான். ஆனால் லாரிக்குப் பாடி கட்டவும் எரிவாயு டேங்கர் ஓட்டவும் பேர்போன நாமக்கல் பக்கம், கிளட்ச் பெடல் இல்லாத லாரியைப் பார்த்து இப்போது யாரும் வியப்பதில்லை. அதற்கு ஆயில் மாற்றக் கம்பெனியில் விடுவதா, நம் பட்டறையிலேயே பார்த்துக்கொள்வதா என்பதுதான் பேச்சு.

● ‘ஆட்டோமேட்டிக்’ என்று விற்கப்படும் லாரிகளில் இரண்டு வகை உண்டு. ஏ.எம்.டி. என்பது உள்ளே அசல் பழைய கியர் பாக்ஸ்தான். கிளட்ச் பிளேட்டும் இருக்கிறது. காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லி, காற்றழுத்தம் கிளட்ச்சை அமுக்குகிறது. இன்னொன்று முழு ஆட்டோமேட்டிக். இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலே கியருக்குக் கடத்துகிறது. முதல் வகைக்குக் கியர் ஆயில். இரண்டாவதற்குத் தண்ணீர் போல் ஓடும் ஏ.டி.எஃப். ஆயில், பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது. இரண்டையும் மாற்றி ஊற்றினால் கியர் பாக்ஸ் கணக்கு முடிந்தது. சொந்தமாகச் செய்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் வண்டி எந்த வகை என்பதைத்தான். ஸ்பானர் பிறகு.

● 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்தார்கள். உள்ளே இருக்கும் பிளேட்டுகள் உதறாமல் பிடிப்பதற்கு அது அத்தனை நல்ல சரக்கு! திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்த பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் மாற்றுச் சரக்கு தேடினார்கள்.

● கார்களில் முழு ஆட்டோமேட்டிக் கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில். லாரி, பஸ்களுக்கு இதைச் செய்து பேர்வாங்கிய அலிசன் நிறுவனத்துக்குச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை இருக்கிறது.

● கைகியர் பாக்ஸில் டிரெயின் நட்டைக் கழற்றினால் ஆயில் ஏறக்குறைய முழுதும் இறங்கிவிடும். முழு ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. டார்க் கன்வெர்ட்டர், கூலர், குழாய்கள் இவற்றில் ஒரு பெரும் பங்கு தங்கிவிடும். ‘மொத்தக் கொள்ளளவு’ என்று புத்தகத்தில் போட்ட லிட்டரைப் பார்த்து அப்படியே ஊற்றினால் மட்டம் மிஞ்சும். மிஞ்சினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது, சூடு ஏறும், மூச்சுக்குழாய் வழியே பீறிட்டு வெளியே வரும். பட்டறைக்காரர்கள் செய்கிற வழி எளிது: இறங்கிய ஆயிலை அளந்துகொள், அதே அளவு புதிதாக ஊற்று, பிறகு ஸ்டிக் பார்த்துச் சரிசெய்.

அந்த ஸ்டிக் பார்ப்பதில்தான் கைகியரில் பழகியவர்களுக்குத் தடுமாற்றம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஆயிலும் சூடாக இருக்க வேண்டும். அலிசன் சொல்வது 71 முதல் 93 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த ஆயிலில் ‘ஃபுல்’ கோடு வரை ஊற்றினால் சூடானதும் விரிந்து மேலே ஏறிவிடும். எழுபது வளைவும் இறங்கி வந்து, அந்தக் கொதியோடு காரவள்ளியில் ஸ்டிக்கை உருவினாலும் கணக்கு தப்பும். ஒரு டீ குடித்துவிட்டு, சூட்டு முள்ளைப் பார்த்துவிட்டு உருவுங்கள்.

● ஆயில் தொட்டிக்குள் காந்தம் வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் பயமில்லை, வழக்கமான தேய்மானம். விரலில் நெருடுகிற துண்டு இருந்தால் பழுது. ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் எரிகிறது. மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, பெரும்பாலும் கூலர் ஓட்டை. இந்தக் கடைசி மூன்றில் எது இருந்தாலும் புது ஆயில் ஊற்றி மூடிவிடாதீர்கள். அங்கிருந்து கம்பெனி வேலை. கம்ப்யூட்டரில் பிழைக் குறி படிக்கவும் உள்பாகம் பிரிக்கவும் தேவையான கருவி அவர்களிடம்தான் இருக்கும்.

● ஏ.எம்.டி. லாரியை வளைவில் பிரேக் போடாமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே உருளாமல் பிடித்து நிறுத்தும் டிரைவர்கள் இருக்கிறார்கள். காலில் பெடல் இல்லையே தவிர, உள்ளே எரிவது அதே கிளட்ச் பிளேட்தான். எந்த சர்வீஸும் அதைக் காப்பாற்றாது.

● டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது எந்த லாரியிலும் ஆபத்து. இன்ஜின் பிடிமானம் போய்விடும். முழு ஆட்டோமேட்டிக்கில் கியர் பாக்ஸும் சேர்ந்து கெடும். அதன் ஆயில் பம்பைச் சுழற்றுவது இன்ஜின்; இன்ஜின் நின்றால் உள்ளே ஆயில் ஓடாது. அதனால்தான் நடுமலையில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் லாரியை, பின்சக்கரம் தரையில் உருள அப்படியே கட்டி இழுக்கக் கூடாது. புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று ஆள் சேர்த்தால் வேர்வைதான் மிச்சம்.

● வடித்த பழைய ஆயில், சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். டீலரிடம் விட்டால் இது அவர் பொறுப்பு. வீட்டு வாசலில் மாற்றினால் உங்கள் பொறுப்பு. மழை பெய்தால் மண்ணில் ஊற்றியது ஓடைக்குத்தான் போகும்.

● வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களை வெளிப் பட்டறைக்காரர்களுக்குத் தராமல் இறுக்கிப் பிடித்தார்கள் என்பதுதான் வழக்கு. வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலை தவறியதால் வந்த பழுதுக்கு வேண்டுமானால் மறுக்கலாம் என்றும் உத்தரவில் இருந்தது. வழக்கு கார்களைப் பற்றியது, மேல்முறையீட்டுக்கும் போனது. ஆகவே லாரிக்காரர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள். முடிந்த பிறகு ஆயிலும் ஃபில்டரும் நீங்களே மாற்றலாம். ஆயில் டப்பாவின் பில், மாற்றிய தேதி, கிலோமீட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.