ஆஃப் செய்தாலும் ஆறாத உலை: அணுமின்சாரத்தில் நிஜமான ஆபத்து எது?

தேனி பக்கம் ‘அணு’ன்னு பேச்சு எடுத்தாலே பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது ஆய்வகத் திட்டம். அணு உலை அல்ல. நிஜமான உலைகள் இருப்பது பழனிசெட்டிபட்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 200 கி.மீ. தெற்கே, கூடங்குளத்தில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது. அதனால் இது நம்ம விஷயமும்கூட.

உலை அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. எரிபொருளில் அந்த அளவுக்கு யுரேனியச் செறிவு இல்லை. பிரச்சினை வெப்பம்தான். உலையை நிறுத்திய நொடியிலும், முழுத்திறனில் 6 முதல் 7 சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் உலை என்றால், அது சுமார் 200 மெகாவாட் வெப்பம். நம்ம லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தின் முழுத்திறனே அதைவிடக் குறைவு! படிப்படியாகக் குறையும் இந்த வெப்பத்தை நாள்கணக்கில் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபுகுஷிமாவில் என்ன நடந்தது?

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும், இயங்கிய உலைகள் தானாகவே நின்றுவிட்டன. ஆனால் பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. கரன்ட் இல்லை, குளிர்விக்க வழியில்லை. 3 உலைகளின் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

இங்கே?

2004 சுனாமியில் கல்பாக்கம் நிலையத்தின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. இயங்கிய உலையை நிறுத்திப் பாதுகாப்பாகக் குளிர்வித்தார்கள். கதிர்வீச்சுக் கசிவு இல்லை. கூடங்குளத்தில் கரன்ட் போனாலும் காற்றின் மூலம் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பும் உலைக்கு அடியில் இருக்கிறது.

அப்போ பயமே வேண்டாமா?

விபத்துக்கான வாய்ப்பு குறைவுதான். நடந்தால் இழப்பு அங்கேயே முடியாது என்பதுதான் சிக்கல். ஃபுகுஷிமாவுக்கு முன் ஜப்பானின் மின்சாரத்தில் சுமார் 30 சதவீதம் அணுவிலிருந்து வந்தது. விபத்துக்குப் பிறகு மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாக நின்றன. 2012 மே மாதம் இயங்கும் உலை ஒன்றுகூட இல்லை. இறக்குமதி எரிவாயுவை நம்ப வேண்டியதாயிற்று.

தேனியில் ஒரு காற்றாலை பழுதானால் மற்றவை சுற்றும். ஆனால் ஆடிக் காற்று ஓய்ந்தால் எல்லாமே மந்தமாகும். அணு உலைக்கு அந்தக் குறை இல்லை. கரியும் புகையும் இல்லை. கூடங்குளத்தில் மொத்தம் 6 உலைகள், 6,000 மெகாவாட் என்பது திட்டம். எனவே ‘அணு வேணுமா, வேண்டாமா’ என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: அவ்வளவும் ஒரே நாளில் நின்றால், நம்ம கையில் மாற்று என்ன இருக்கு?