மேசைக்கு வரும் தட்டும் நமது அமானிதமும்

நமது நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. போய் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் பணிஸ் என்று கொண்டுவந்து மேசை நடுவே வைத்துவிடுவார்கள். விரும்பியதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது எத்தனை என்று கணக்குச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். மிச்சம் கடைக்குத் திரும்பிவிடும். தலைமன்னாருக்கு நேர் எதிரே, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ராமேஸ்வரத்தில் முறை வேறு. அங்கே கேட்டதுதான் வரும், வந்ததெல்லாம் கேட்டவருடையது.

மன்னாரில் இது சிறிய விடயமல்ல. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதி மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் போய்த் தங்கினார்கள். யுத்த காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்களும் பலர். வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் வேறு. 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் ரயிலும் வந்தது. இன்று மன்னார் நகரத்துக் கடையொன்றில் ஒரே குடும்பம் ஒரு மேசையில் அமர்ந்தாலும், ஒவ்வொருவரும் பழகி வந்த முறை வேறாக இருக்கிறது. "கேட்காததை ஏன் வைத்தான், நம் தலையில் கட்டவா?" என்று ஒருவர் கோபப்படுவார். இனாமாக வைத்தது என்று எண்ணி இன்னொருவர் தட்டையே காலி செய்துவிடுவார். பில் வந்ததும் சத்தம் எழும்பும். அந்தச் சத்தம் முழுவதும், பரிமாறிய பையனின் தலையில்தான் விழும்.

இந்த வியாபாரம் மார்க்கத்தில் கூடுமா என்று சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு. விற்கிறேன், வாங்கிக்கொள்கிறேன் என்ற ஈஜாப் கபூல் வாய்மொழியாக வேண்டும் என்பதே நமது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல். ஆனால் ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மக்கள் வழக்கில் எது வியாபாரமாகக் கருதப்படுகிறதோ அது பேச்சின்றிக் கொடுத்து வாங்கினாலும் செல்லும் என்ற கருத்தையே தெரிவு செய்தார்கள். இதற்கு முஆதாத் என்று பெயர். ஆகவே தட்டை வைப்பதும் நாம் எடுத்து உண்பதும் பேசாமல் நடக்கும் வியாபாரமே. விலை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். விலையை மக்கள் காணும்படி வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் இருக்கிறது. சுவரில் பலகை இல்லாவிட்டால் முதலிலேயே கேட்டுவிடுவதில் வெட்கம் எதுவுமில்லை.

எடுக்காத பண்டத்தின் நிலை என்ன என்பதில்தான் நாம் கவனமின்றி இருக்கிறோம். அது இன்னும் கடைக்காரருடைய பொருள். நம் முன் இருக்கும் அமானிதம். குழந்தை ஒரு பற்றிஸை அமுக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறது. இன்னொன்றை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிக்கிறது. நாம் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுகிறோம். பையன் எண்ணும்போது அது 'சாப்பிடாதது' என்ற கணக்கில் போய்விடும். அடுத்த மேசையில் யாரோ ஒரு நோயாளி அதை வாங்கி உண்பார். என் கருத்துப்படி, கையால் பிசைந்ததும் வாய் வைத்ததும் நமது கணக்கில்தான் சேர வேண்டும். தாளில் சுற்றித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எண்ணிக்கையை ஒன்று குறைத்துச் சொல்வது பற்றி நான் எழுதத் தேவையில்லை. கணக்கு இடித்தால் முதலாளி முதலில் கேட்பது அந்தப் பையனைத்தான்.

ஸஹனில் உண்டு பழகிய நமக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஸஹன் என்பதே தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல். நமது கல்யாண வீடுகளில் ஆறு பேர் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்ந்தால் எவரும் மற்றவர் பக்கத்தில் கை நீட்டுவதில்லை. நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மி சொல்லவும், வலக்கரத்தால் உண்ணவும், தமக்கு அருகில் உள்ளதை உண்ணவும் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கடைத் தட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் வெளியூரில் வளர்ந்த மருமகள் ஸஹனில் உட்காரக் கூச்சப்பட்டுத் தனித் தட்டுக் கேட்டால் அதைப் பெருமை என்று பேசக்கூடாது. சேர்ந்து உண்பதிலும் தனித்து உண்பதிலும் குற்றமில்லை என்று சூரா அந்நூரின் 61ஆம் வசனம் இரண்டையும் அனுமதித்திருக்கிறது. இதை மாமிமார் சற்று நினைவில் வைத்தால் நல்லது.

பரிமாறுபவருக்குக் கொடுக்கும் 'சந்தோஷம்' விடயத்திலும் நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டொலர்தான், மீதியை உண்பவர்தான் நிரப்புகிறார். ஜப்பானில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்துபோனீர்கள் என்று பின்னால் ஓடிவந்து தருவார்கள். நம் நாட்டில் பெரிய ஹோட்டல்கள் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. சிறிய கடையில் அது இல்லை. கொடுப்பது நம் மனம். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்த முடியாவிட்டாலும் ஓரிரு கவளமாவது கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். சூட்டிலும் புகையிலும் நின்றது அவர்தானே. "டேய்" என்று விரல் சொடுக்கிக் கூப்பிடும் பிள்ளையை அந்த மேசையிலேயே திருத்த வேண்டியது தாய்தான். தந்தையர் அந்த நேரத்தில் பெரும்பாலும் தொலைபேசியில் இருக்கிறார்கள்.

ஓகஸ்டில் மடுத் திருவிழாக் காலத்தில் கடைகளில் இடம் கிடைப்பதே அரிது. சாப்பிட்டு முடித்தும் பேச்சில் அமர்ந்திருந்தால் கைக்குழந்தையோடு வாசலில் நிற்பவர் இன்னும் நிற்க வேண்டும். நபியவர்களின் வீட்டு விருந்தில் உண்டதும் கலைந்து செல்லுமாறு சூரா அல்அஹ்ஸாபில் கூறப்பட்ட ஒழுக்கம் இங்கும் பயன்படும். தட்டு நிறைய வருவது பிடிக்காவிட்டால் அமரும்போதே, "தம்பி, மூன்று ரோல்ஸ் மட்டும் கொண்டு வாங்க" என்று சொன்னால் போதும்; அவர்கள் கோபிப்பதில்லை, சிறிய தட்டில் வைத்துத் தருவார்கள்.