நிற்கும் சைக்கிளும் நெஞ்சின் கணக்கும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பர் நம் முன்னோர். உடல் என்னும் அச்சுவரைப் பேணுவதற்காகவே பலர் இன்று வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி வைக்கின்றனர். மழையோ வெயிலோ, வாகன நெரிசலோ தடையில்லை; அறையின் ஒரு மூலையில் அமர்ந்தே மிதிக்கலாம். ஆயினும் சில வாரங்களில் அந்தச் சைக்கிள் துணி உலர்த்தும் கொடியாகி விடுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். காரணம் யாது? சாலையில் செல்பவர் தாம் கடந்த தூரத்தைக் கண்ணால் காண்கிறார். நிற்கும் சைக்கிளில் ஏறியவரோ, ஏறிய இடத்திலேயே இறங்குகிறார். பயன் கண்ணுக்குத் தெரியாதபோது மனம் தளர்வது இயல்புதானே! அந்தப் பயனை அதிகச் செலவின்றி அளந்து பார்க்கும் வழியைக் காண்போம்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே, அது போதாதா எனலாம். அது தூரத்தைச் செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பாலும், நடக்கையில் கை வீசும் அசைவாலும் கணிக்கிறது. நிற்கும் சைக்கிளில் இடமும் மாறுவதில்லை. கைப்பிடியைப் பற்றிய கையும் வீசுவதில்லை. அரைமணி நேரம் வியர்க்க மிதித்த தாயாருக்கு, "இன்று நீங்கள் நடந்தது மிகக் குறைவு" என்று அது சொன்னாலும் வியப்பில்லை.

ஆனால் அக்கடிகாரம் வேறொன்றை அறியும். அதுவே இதயத் துடிப்பு. அதன் அடிப்புறத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உட்கொள்ளும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் பெருக, திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வை எண்ணியே கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. வார் தளர்ந்திருந்தாலோ, மணிக்கட்டு மிகவும் மடங்கியிருந்தாலோ எண் பிழைபடும். இதயத்தின் மின் அதிர்வையே நேராக உணரும் மார்புப் பட்டை இதைவிடத் துல்லியமானது. கம்பியில்லாமல் துடிப்பை அளந்து கைக்கடிகாரத்தில் காட்டும் கருவியைப் பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டு வந்தது.

துடிப்பு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. 1954ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர்களான பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்ட் என்பவரும் இர்மா ரிமிங் என்ற பெண்மணியும் ஓர் எளிய சோதனை முறையை வெளியிட்டனர். ஒருவரை நிற்கும் சைக்கிளில் அமர்த்தி, மாறாத சுமையில் ஏறத்தாழ 6 நிமிடம் மிதிக்கச் செய்வர். முடிவில் துடிப்பை எண்ணுவர். சுமை, துடிப்பு ஆகிய இரண்டைக் கொண்டே, அவர் உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்று மதிப்பிட்டு விடலாம். மூச்சு முட்ட ஓட வைக்கத் தேவையில்லை!

இதன் தத்துவம் எளிது. பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றக் கற்றுக் கொள்கிறது. எனவே முன்பு செய்த அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்து முடிக்கிறது. வேலை மாறாமல் துடிப்பு குறைந்தால், இதயம் வலுப்பெறுகிறது என்பது பொருள்.

அப்படியானால் வேலையை மாறாமல் வைத்துக் கொள்வது எப்படி? இதற்குத்தான் சென்சார் உதவுகிறது. விரலளவான இச்சிறு கருவியைப் பெடலைத் தாங்கும் கிராங்கில் மாட்டி விட்டால், பெடல் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைப் புளூடூத் வழியே கைபேசிக்கு அனுப்பும். நாணயம் போன்ற ஒரு பேட்டரி அதற்குப் பல மாதங்கள் போதும். எல்லாக் கடிகாரங்களும் சென்சாரை ஏற்பதில்லை, வாங்குமுன் கேட்டறிக. ஏற்காவிடில், கைபேசியில் இலவசச் செயலி ஒன்றில் சுழற்சியையும், கடிகாரத்தில் துடிப்பையும் பார்த்துக் கொள்ளலாம். பெரிய திரை பதித்த விலையுயர்ந்த சைக்கிளும், மாதந்தோறும் சந்தாவும் இதற்குத் தேவையில்லை.

சுமையை மாற்றும் திருகில் எண் இல்லையா? நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். வாரம் ஒருநாள், திருகை அப்புள்ளியில் நிறுத்தி, நிமிடத்திற்கு 60 சுற்று என்ற கணக்கில் 6 நிமிடம் மிதியுங்கள். கடைசி நிமிடத் துடிப்பைத் தேதியுடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் வாரம் 140 என்றிருந்தது, சில வாரங்களில் 130 ஆனால் அதுவே உங்கள் பரிசு! கருவி எதுவும் இல்லாதவரும் கலங்க வேண்டாம். வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை எழுகிறது என எண்ணி 4ஆல் பெருக்கினால் சுழற்சி கிடைக்கும். மணிக்கட்டில் விரல் வைத்து அவ்வாறே நாடித்துடிப்பையும் அறியலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெயில் மிகுந்த நாளிலும், காய்ச்சலின் போதும், தூக்கம் கெட்ட மறுநாளிலும் துடிப்பு இயல்பாகவே உயரும். ஆகவே ஒரே நேரத்தில், மின்விசிறியின் கீழ் சோதிப்பதே நலம். கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு வெறும் மதிப்பீடே. 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்பதும் அத்தகையதே. ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் வேறுபடலாம். இதய நோயுள்ளவர்களும், நெடுநாள் பயிற்சியில்லாத முதியவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். 5 முதல் 17 வயதுடையோருக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியுள்ளது.

அன்புத் தோழியரே! உடலைத் தூய ஆவியாரின் ஆலயம் என்று புனித பவுலடியார் நமக்குக் கற்பித்திருக்கிறார். நம் அருட்சகோதரியர் இரவுதோறும் ஆன்ம சோதனை செய்கையில், அடுத்தவர் கணக்கைப் பார்ப்பதில்லை. தம் கணக்கையே பார்க்கின்றனர். உடலின் கணக்கும் அத்தகையதே. தோழியின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். சென்ற மாதத்து உங்களோடு இம்மாதத்து உங்களை ஒப்பிடுங்கள். மூலையில் துணி சுமக்கும் சைக்கிளை இன்றே விடுவித்து, அன்னையரையும் அதில் அமரச் செய்யுங்கள். அவர்தம் எண்ணையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்!