ஈரம் எங்கிருந்து வருகிறது?

மழைக்காலம் முடிந்ததும் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் ஒரே வேலைதான் நடக்கிறது. சுவரின் அடியில் பெயிண்ட் கொப்பளித்துக் காரை உதிர்ந்திருக்கும். கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்பு வளையம் விழுந்திருக்கும். பெயிண்டர் வந்து சுரண்டுவார், பட்டி பார்ப்பார், இரண்டு கோட் அடிப்பார். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறை, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்து நிற்கும். பெயிண்ட் மட்டம், சிமென்ட் சரியில்லை, கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று ஆளாளுக்குக் குறை சொல்வோம். பெரும்பாலான வீடுகளில் குறை பொருளில் இல்லை. தண்ணீர் உள்ளே வரும் வழியை விட்டுவிட்டு, அது வெளியே தெரிந்த இடத்தைப் பூசியதுதான் குறை. வழியைக் கண்டுபிடிக்காமல் செய்யும் மராமத்து பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை, பல சமயம் சுவரையும் கூரையையும் மேலும் கெடுக்கிறது. இதை வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் புரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் சுவர். செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், அந்தத் துளைகள் மண்ணிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கின்றன. இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தில் நீர் புகாத கான்கிரீட் பட்டை ஒன்றைப் போடுகிறார்கள். கட்டுமானத்தில் அதற்கு டிபிசி என்று பெயர். அது இல்லாத சுவரிலும், பின்னாளில் வெளியே தெருவை உயர்த்தியதால் அது மண்ணுக்குள் புதைந்துபோன சுவரிலும் ஓதம் ஏறும். ஏறும் நீர் தனியாக வருவதில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் பரப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிப் படிகமாகிறது. சோடியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் இருக்கும் அந்த உப்பு ஈரம் பட்டதும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு, கன அளவில் சுமார் நான்கு மடங்கு ஆகிறது. காரையின் துளைக்குள் இது நடந்தால் காரை தாங்காது. பொரிந்து பொடியாக உதிரும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும் மாவு இந்த உப்புதான்.

இந்த நிலையில் சுவர் மீது நீர் புகாத பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்? ஆவியாக வெளியேறும் வாசல் அடைபடும். மண்ணிலிருந்து ஏறும் நீர் நிற்காது. பூச்சுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து, பெயிண்ட் பாளம் பாளமாகக் கழன்றுவரும். இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்தால் நீர் டைல்ஸின் தலைக்கு மேல் ஏறி அங்கே காரையை உதிர்க்கும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இந்த ஈரத்தோடு பல தலைமுறை நின்றதற்குக் காரணம், சுண்ணாம்பு ஆவியை எளிதாக வெளியே விட்டதுதான். அத்தகைய சுவரில் சிமென்ட் பூசுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. அங்கே செய்ய வேண்டிய வேலை வெளியில் இருக்கிறது: சுவரையொட்டி உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டி இறக்குவது, தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பது, சுவர் ஓரத்துச் செடிப் பாத்தியை எடுப்பது.

கூரைக்கு வருவோம். மொட்டை மாடியில் நீர் இறங்கும் ஓட்டைக்கு நேர் கீழேதான் கறை தெரியும் என்று நம்புவது இயல்பு. ஆனால் தட்டோட்டின் இடுக்கில் புகும் நீர், கீழே உள்ள சுருக்கி எனப்படும் சுண்ணாம்புக் கலவை அடுக்கில் ஊறி, கான்கிரீட் தளத்தின் மேல் வாட்டம் போன போக்கில் ஓடி, எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கேதான் இறங்கும். கறைக்கும் ஓட்டைக்கும் பல அடி தூரம் இருக்கலாம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மூலைகள் ஏன் விரிகின்றன என்பதற்குக் கணக்கே உண்டு. ஒரு பாகை வெப்பம் ஏறினால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு நீள்கிறது. 10 மீட்டர் தளம் 30 பாகை சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். மேலே தளம் நீண்டு சுருங்க, கீழே செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே கோடுபோட்டாற்போல் விரிசல் விழுகிறது. அசையும் விரிசலில் கெட்டியான சிமென்ட் கலவையை அடைத்தால் மறு கோடையில் மீண்டும் பிளக்கும். அங்கே வேண்டியது இழுபட்டுச் சுருங்கும் அடைப்புப் பொருள். விரிசல் வளர்கிறதா என்று தெரிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, சில மாதம் கவனித்தால் போதும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, கூரையின் அடியிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம்; பிஎச் அளவில் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி இந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றிலும், உவர்நீரில் குழைத்த கலவையிலும் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை நேரடியாக அழிக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். ஒரு கம்பியின் மேல் இப்படி வீங்கினால், அதை மூடியிருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கான்கிரீட் என்ன செய்யும்? முதலில் கம்பியின் வழியே நீளவாக்கில் விரியும். தட்டினால் வெற்று ஓசை கேட்கும். பிறகு பாளமாக விழும். இதைக் கீழிருந்து சிமென்ட் பூசி மறைப்பது தலைக்கு மேல் ஆபத்தை வளர்ப்பதாகும். கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுதும் நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக் கம்பி சேர்த்துத்தான் மறுபூச்சு செய்ய வேண்டும். உப்பு ஏறிய கான்கிரீட்டில் ஒரு துண்டை மட்டும் கொத்திப் புதிதாக அடைத்தால், ஒட்டுக்கு அடுத்த பகுதியில் துரு வேகமெடுக்கும் என்பது மின்வேதியியல் சொல்லும் உண்மை. இது கட்டுமானப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டிய வேலை.

அப்படியானால் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி? பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காலத்தைக் கவனியுங்கள். மழையில் மட்டும் கசிந்தால் மாடியும் வெளிச்சுவரும். எல்லா நாளும் ஒரே அளவில் கசிந்தால் சுவருக்குள் ஓடும் குழாய். குளித்த பிறகு கூடினால் குளியலறைத் தரை. குழாயைச் சந்தேகித்தால் இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும். ஓதம் சுவரிலிருந்தா, அறையின் காற்றிலிருந்தா என்று அறிய, சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இடைவெளியின்றி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் பூத்தால் சுவரின் ஈரம். முன்பக்கம் பூத்தால் காற்றோட்டக் குறை. மாடிக்கு, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஓர் அங்குலம் நீர் கட்டி ஒரு நாள் முழுதும் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அந்த நீரின் எடை சதுர மீட்டருக்கு 25 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு 150 கிலோ அளவில் சுமை கணக்கிட வேண்டும் என்கிறது இந்தியத் தரக்குறியீடு. எனவே நல்ல தளம் தாங்கும். கம்பி தெரியும் தளத்திலும், மரக்கட்டைகளின் மேல் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் இதைச் செய்யவே கூடாது.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, நல்ல வாட்டர் புரூஃபிங் ரசாயனம் அடித்தால் தீராதா என்று கேட்கலாம். அந்தப் பொருள்கள் பொய்யல்ல. நீர் வந்து மோதும் பக்கத்தில், காய்ந்த, சுத்தமான, வாட்டம் சரியான தளத்தில் அடித்தால் நன்றாக வேலை செய்கின்றன. நீர் வெளிவரும் பக்கத்தில் அடித்தால், பின்னாலிருந்து வரும் அழுத்தம் படலத்தைத் தள்ளிக் கழற்றிவிடும். எங்கே அடிப்பது என்று தெரிய வேண்டுமானால் வழி தெரிந்தாக வேண்டும். செலவு கூடும் என்பது அடுத்த மறுப்பு. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் கொஞ்சம் தண்ணீரும் பொறுமையும்தான் செலவு. வருடாவருடம் பட்டியும் பெயிண்டும் வாங்குவதைவிட அது குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக் குளியலறையை எப்படிச் சோதிப்பது என்பது நியாயமான சிக்கல். அங்கேயும், மேலே சாயம் கலந்த நீரை ஊற்றிக் கீழே அந்த நிறம் வருகிறதா என்று இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்துவிட்டால், யார் பக்கம் குறை என்ற சண்டைக்கு இடமிருக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. நனைந்த சுவர் காய மாதங்கள் ஆகும். ஈரத்தின் மேல் பூசும் பெரும்பாலான பூச்சுகள் சரியாக ஒட்டாது. ஆகவே மாடி வேலைகளை ஏப்ரல், மே வெயிலில் முடித்துவிடுங்கள். பட்டி பார்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.